ஒற்றை லென்சுடன் ஒரு வாழ்வு

நம் வட்டத்தின் மாதக் கூட்டம் ஒன்று முடிந்து அனைவரும் எழுந்த பின்னர், நண்பர் ஒருவர் துணிப்பையிலிருந்து பழைய பிலிம் காமிரா ஒன்றை எடுத்து மேசைமீது வைத்தார். சிவகாசியில் மூடப்பட்ட ஒரு ஸ்டுடியோவின் சாமான்களோடு கைமாறி வந்த நிக்கான் அது. உடன் மூன்று லென்சுகள்: 35, 50, 135. மூன்றுக்கும் சேர்த்துக் கொடுக்கக் கையில் பணமில்லை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விற்றாக வேண்டும். எதை வைத்துக்கொள்வது என்று கேட்டார். கவிஞர்கள் கூடிய இடத்தில் இப்படியொரு கேள்வி விழுந்தால் என்ன ஆகும் என்பதை அன்பர்கள் அறிவார்கள். அரைமணி நேரம் வாதிட்டோம். லென்சைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

அன்று நான் சொல்லாமல் விட்ட விடையை இந்தப் பத்தாம் ஆண்டு மலரில் எழுதித் தீர்க்கலாம் என எண்ணுகிறேன். விடையாக ஒரு மனிதரின் வாழ்க்கையைத்தான் சொல்ல முடிகிறது. ஆன்ரி கார்த்தியே பிரெஸோன் என்ற பிரெஞ்சுக்காரர் அவர். நம் ஏடுகளில் ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸன் என்றும் அவர் பெயர் எழுதப்படுவதுண்டு. ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் உலகெங்கும் சுற்றிப் படமெடுத்த அவர், பெரும்பாலும் ஒரே அளவு லென்சை வைத்துக்கொண்டே அதைச் செய்தார். அந்த லென்சுடன் தமிழ்நாட்டுக்கும் வந்தார். லென்ஸ் என்றே எழுதுவதற்குத் தமிழன்பர்கள் பொறுத்தருள வேண்டும். வில்லை என்று எழுதினால் நம் ஊரில் மருந்துக் கடைக்குப் போய்விடுவார்கள்.

1908 ஆகஸ்ட் 22 அன்று பாரிசுக்கு அருகிலுள்ள சாந்தலூ என்ற ஊரில் பிறந்தார். செல்வக் குடும்பம். தையல் நூல் தயாரிப்பில் பேர்பெற்ற குடும்பம் அது. பிரான்சு நாட்டு வீடுகளில் தையல் பெட்டியைத் திறந்தால் அவர்கள் பெயர் பொறித்த நூற்கண்டு இருக்கும் என்பார்கள். தீப்பெட்டியின் மேல்தாளில் முதலாளியின் பெயரைப் பார்த்தே வளர்ந்த நமக்கு இது விளங்கும். மகன் தொழிலுக்கு வருவான் என்று தந்தை எதிர்பார்த்தார். மகனோ ஓவியத்தின்பால் சாய்ந்தார். ஆந்திரே லோத் என்ற ஓவியரிடம் ஏறத்தாழ இரண்டாண்டுகள் பயின்றார். ஒரு சட்டத்துக்குள் கோடுகளும் வடிவங்களும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் கணக்கை அங்கே கற்றார். அந்தக் கணக்கு பின்னாளில் அவருடைய ஒவ்வொரு படத்திலும் இருக்கிறது. நம்மில் யாப்புப் பயின்றுவிட்டுப் புதுக்கவிதைக்கு வந்தவர்களிடம் காதுக்கு ஒரு பழக்கம் தங்கிவிடுகிறதல்லவா, அத்தகையது.

1931இல் ஆப்பிரிக்காவுக்குப் போனார். ஐவரி கோஸ்டில் வேட்டையாடிப் பிழைத்தார். கடுங்காய்ச்சல் கண்டு சாவின் விளிம்புவரை சென்று திரும்பினார். அங்கே ஒரு பழைய காமிராவில் எடுத்த படங்களிற் பெரும்பாலானவை ஈரத்தில் பூஞ்சணம் பூத்துக் கெட்டன. ஊர் திரும்பித் தேறிவந்த நாட்களில், மார்ட்டின் முன்காட்சி என்ற அங்கேரியர் எடுத்த ஒரு படத்தைப் பார்த்தார். தாங்கனீக்கா ஏரியின் அலைக்குள் மூன்று கறுப்பினச் சிறுவர்கள் பாய்ந்து ஓடும் படம் அது. தூரிகையால் செய்ய இயலாத ஒன்றைக் காமிரா செய்யும் என்று அப்போது உணர்ந்தார். 1932இல் மார்செய் நகரில் ஒரு லைக்கா காமிராவை வாங்கினார்.

அந்தக் காமிராவைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். ஜெர்மனியில் வெட்ஸ்லார் நகரத்து லைட்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த ஆஸ்கர் பர்னாக், சினிமாப் பிலிமை அசையாப் படத்துக்குப் பயன்படுத்தும் சிறு காமிரா ஒன்றை முதல் உலகப் போருக்கு முன்பே செய்து பார்த்தார். 1925இல் அது விற்பனைக்கு வந்தது. பிலிமில் விழும் படத்தின் அளவு 24க்கு 36 மி.மீ. மட்டுமே, நம் தீப்பெட்டியின் முகத்தைவிடச் சிறியது. மாக்ஸ் பெரெக் என்பவர் அதற்கு 50 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்சை வடிவமைத்தார். தொடக்கத்தில் அந்த லென்ஸ் காமிராவோடு பிணைக்கப்பட்டிருந்தது, கழற்ற முடியாது. 1930-31இல்தான் லென்சைத் திருகிக் கழற்றி வேறொன்றைப் பொருத்தும் அமைப்பு வந்தது. அதன்பின் 35, 73, 90, 135 என்று ஒரு குடும்பமே பெருகியது. தெரிவு என்ற சிக்கலும் அப்போதுதான் பிறந்தது.

பிரெஸோன் 50ஐத் தெரிந்துகொண்டார். தெரிந்துகொண்டார் என்பதைவிட அதை விட்டு நகரவில்லை என்று சொல்வது பொருந்தும். இதற்கு நடைமுறைக் காரணங்கள் உண்டு. லைக்காவில் கண்ணை வைத்துப் பார்க்கும் துளை 50 மி.மீ. லென்சுக்கென்றே அமைக்கப்பட்டது. வேறு லென்சைப் பொருத்தினால் மேலே இன்னொரு பார்வைக் குழாயையும் செருக வேண்டும். இன்னொன்று, வெளிச்சம். 1930களில் அந்தக் குடும்பத்தின் 35 மி.மீ. லென்சின் வாய் 3.5 அளவுக்கும், 90 மி.மீ. லென்சின் வாய் 4 அளவுக்குமே திறந்தது. 50 மி.மீ. லென்சிலோ 1933லேயே 2 அளவு வாயுள்ளது வந்துவிட்டது. 4 அளவைவிட 2 அளவில் நான்கு மடங்கு வெளிச்சம் உள்ளே போகும். பிலிமின் வேகம் குறைவாயிருந்த அந்நாளில், மாலை மங்கியபின்னும் வீட்டுக்குள்ளும் படமெடுக்க விரும்பியவருக்கு இது பெரிய விஷயம்.

ஆயினும் காரணம் இவ்வளவுதான் என்றால் நான் இக்கட்டுரையை எழுத வேண்டியதில்லை. லென்சின் எண்ணை ஒரு தூரத்தின் பெயராகப் பார்க்கும்படி அன்பர்களை வேண்டுகிறேன். ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவரைத் தலைமுதல் கால்வரை, காமிராவை நெட்டாகப் பிடித்துச் சட்டம் நிறைய எடுக்க வேண்டுமானால், 50 மி.மீ. லென்ஸ் வைத்திருப்பவர் ஏறத்தாழ 8 அடியில் நிற்க வேண்டும். 90 மி.மீ. என்றால் 14 அடி. 135 என்றால் 21 அடி. 35 என்றால் ஐந்தரை அடிக்கும் குறைவு. இந்த எண்களை நம் தெருவில் வைத்துப் பாருங்கள். 21 அடியில் நிற்பவரை எதிரில் இருப்பவர் கவனிக்க வேண்டியதில்லை. அவர் பாட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஐந்தரை அடியில் நிற்க உறவோ உரிமையோ வேண்டும். 8 அடி என்பது ஒரு திண்ணைக்கும் எதிர்த் திண்ணைக்கும் இடைப்பட்ட தூரம். குரலை உயர்த்தாமல் பேசலாம். முகம் தெரியும், நம் முகமும் அவருக்குத் தெரியும். போ என்று அவர் கையசைத்தால் போக வேண்டியதுதான்.

பிரெஸோன் ஒரே லென்சுடன் அலைந்தார் என்பதன் பொருள், வாழ்நாள் முழுவதும் அந்தத் தூரத்தில் நின்றார் என்பதே. நெருக்கமாக வேண்டுமானால் கால்கள் முன்னே நடக்கவேண்டும். அகலமாக வேண்டுமானால் பின்னே நடக்கவேண்டும். லென்சைத் திருகும் கை செய்யவேண்டியதைக் கால் செய்தது. குறள் வெண்பாவின் ஏழு சீருக்குள்ளேயே ஒருவர் 1330 முறை நின்று காட்டியது நமக்குத் தெரியும். இன்னும் இரண்டு சீர் கிடைத்தால் நன்றாயிருக்கும் என்று அவர் எங்கும் தவித்ததாகத் தெரியவில்லை.

மற்றொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அவருடைய பையில் வேறு லென்சே கிடையாது என்று அடியார்கள் சொல்வது மிகை. 35உம் 90உம் அவரிடம் இருந்தன. நிலக்காட்சிகளில் முன்புறத்து வெற்றிடத்தை ஒதுக்க 90ஐப் பயன்படுத்தியதும் உண்டு. ஆனால் கை தானாகப் போனது 50க்குத்தான். எடுத்த படத்தை அச்சிடும்போது ஓரம் வெட்டக்கூடாது என்ற விதியையும் அவர் வைத்திருந்தார். அதற்கும் விலக்கு உண்டு. பாரிசில் சேன் லசார் ரயில் நிலையத்தின் பின்னே, தேங்கிய நீரைத் தாண்டி ஒருவர் பாயும் 1932ஆம் ஆண்டுப் படம் உலகறிந்தது. வேலிப் பலகைகளின் இடுக்கில் லென்சை நுழைத்து எடுத்ததால் பலகை ஒரு பக்கத்தை மறைத்தது. அதை வெட்டித்தான் அச்சிட்டார். விதி வைத்திருப்பவர் எங்கே மீறினார் என்று பார்ப்பது அவரை அறிய நல்ல வழி. சிவகாசியின் அச்சகங்களில் நாட்காட்டித் தாளுக்குப் பொருந்தும்படி சாமிப் படங்களின் கையையும் காலையும் வெட்டிப் பழகிய நம் நண்பர்களுக்கு இந்த விதி வேடிக்கையாகத் தோன்றலாம்.

1930களின் எஞ்சிய பகுதியை விரைந்து கடக்கிறேன். ஸ்பெயின், இத்தாலி, மெக்சிகோ என்று சுற்றினார். திரைப்பட இயக்குநர் ழான் ரென்வாரிடம் உதவியாளராக இருந்தார். 1937இல் ஜாவா நாட்டு நடனக் கலைஞர் ரத்னா மோகினியை மணந்தார். அதே ஆண்டு மே மாதம் இலண்டனில் ஆறாம் ஜார்ஜின் முடிசூட்டு விழாவைப் படமெடுக்கப் போனவர், ஊர்வலத்தைப் பார்க்க வந்த மக்களையே எடுத்துக்கொண்டு திரும்பினார். மேடைமீது மக்கள் வரிசையாக அமர்ந்திருக்க, கீழே செய்தித்தாள்களின் குவியலில் ஒருவர் அயர்ந்து உறங்கும் படம் அவற்றுள் ஒன்று. அரசருக்கு 8 அடியில் யார் விடப்போகிறார்கள்? மக்கள் பக்கத்தில் நிற்கலாம்.

போர் வந்தது. 1940 ஜூனில் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். அதற்கு முன் தம் லைக்காவை வோஷ் மலைப்பகுதியில் மண்ணுக்குள் புதைத்து வைத்தார். சிறைமுகாமில் ஏறத்தாழ மூன்றாண்டுகள். இருமுறை தப்பித்துப் பிடிபட்டு, மூன்றாம் முறை 1943இல் தப்பினார். பிறகு அந்தக் காமிராவைத் தோண்டி எடுத்தார். அவர் இறந்துவிட்டார் என்று கருதி நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அவருக்கு ஒரு நினைவுக் கண்காட்சி நடத்தத் திட்டமிட்டது. உயிரோடு போய் அதன் ஏற்பாட்டில் தாமே பங்கு கொண்டார். 1947இல் கண்காட்சி திறக்கப்பட்டது. அதே ஆண்டு ராபர்ட் காப்பா, டேவிட் சீமோர், ஜார்ஜ் ராட்ஜர் முதலியோருடன் சேர்ந்து மேக்னம் என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார். ஆசியா அவர் பங்குக்கு வந்தது. மனைவியுடன் இந்தியா வந்து சேர்ந்தார்.

1948 ஜனவரி. காந்தியடிகள் தில்லியில் தம் கடைசி உண்ணாவிரதத்தை முடித்திருந்தார். 30ஆம் தேதி பிற்பகல் பிரெஸோன் பிர்லா மாளிகையில் அவரைச் சந்தித்தார். நியூயார்க் கண்காட்சியின் பட நூலைக் காட்டினார். காந்தி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டு வந்து ஒரு படத்தில் நின்றார். கவிஞர் போல் குளோடெல் நடந்து போகையில், அருகே நிற்கும் சவ வண்டியைப் பார்க்கும் படம் அது. இதன் பொருள் என்ன என்று அடிகள் வினவியதாகவும், சாவு என்ற சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னதாகவும் பிரெஸோன் பின்னர் கூறியிருக்கிறார். விடைபெற்று வந்த சிறிது நேரத்தில் செய்தி வந்தது. மிதிவண்டியில் போனவர் திரும்பி ஓடினார் என்பார்கள்.

அன்றிரவு நடந்தவற்றில் இரண்டு படக்காரர்களின் கதை சேர்ந்திருக்கிறது. மற்றவர் மார்கரெட் போர்க் ஒயிட் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1946இல் காந்தியைக் கைராட்டையுடன் எடுத்த பெரும் கலைஞர். அப்போது அவருக்கு மூன்று பிளாஷ் பல்புகளுக்கு மட்டுமே அனுமதி கிடைத்தது. இரண்டு வீணாகி மூன்றாவதில் அந்தப் படம் அமைந்தது. காந்தியின் உடல் கிடத்தப்பட்டிருந்த அறையிலும் அவர் பிளாஷ் அடித்தார். துயரத்தில் இருந்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். காமிராவை வாங்கிப் பிலிமை வெளிச்சத்தில் காட்டிக் கெடுத்து அவரை வெளியே அனுப்பினார்கள். பிரெஸோனும் அங்கே இருந்தார். அவர் எப்போதும் பிளாஷ் பயன்படுத்துவதில்லை. கையில் சிறு காமிரா. அதன் பளபளக்கும் பகுதிகளையும் கறுப்பு நாடா ஒட்டி மறைத்திருந்தார்.

நம் பகுதியைச் சேர்ந்தவர்களுக்கு பிளாஷ் என்பது என்ன என்று விளக்க வேண்டியதில்லை. அந்நாளைய பிளாஷ் பல்புக்குள் எரிந்தது அலுமினியம். நம் பட்டாசு அறைகளில் வேலை முடிந்து வெளியே வருபவர்களின் கைகளையும் புருவங்களையும் வெள்ளியாக்கி வைக்கும் அதே உலோகம்தான். துக்க வீட்டில் அதைக் கொளுத்தினால் என்ன ஆகும் என்பதற்குத் தில்லி வரை போக வேண்டியதில்லை.

பிர்லா மாளிகையின் வாயிலில் நின்று நேரு அந்த மரணத்தை அறிவிக்கும் பிரெஸோனின் படம் நாமறிந்தது. விளக்கொளியில் எடுத்தது. உருவங்கள் கலங்கியிருக்கின்றன; இருள் பாதிப் படத்தை விழுங்கியிருக்கிறது. தொழில் முறையில் பார்த்தால் பழுதுள்ள படம். வெளிச்சம் போதாத இடத்தில் வெளிச்சம் போதாமலே எடுத்துக்கொண்டார். மறுநாள் யமுனைக் கரையில், சிதையில் முதல் தழல் எழும்போது காந்தியின் செயலாளர்களில் ஒருவர் அதைக் காணும் முகத்தை எடுத்தார். அஸ்தி சென்ற ரயிலைச் சூழ்ந்த கூட்டத்தை எடுத்தார். சிதையைவிடச் சிதையைப் பார்க்கும் முகங்களே அந்த வரிசையில் மிகுதி. கூட்டம் நெருக்கித் தள்ளும் இடத்தில் 50 மி.மீ. லென்சுக்குள் முழு ஊர்வலமும் அடங்காது; அருகிலுள்ள நாலைந்து பேர் அடங்குவார்கள். அந்த நாலைந்து பேரில் தேசம் இருந்தது.

அதன்பின் காஷ்மீர். அவ்வாண்டின் இறுதியில் சீனா. ஷாங்காயில் பணம் மதிப்பிழந்துபோன 1948 டிசம்பரில், தங்கம் வாங்க வங்கி வாசலில் ஒருவரையொருவர் பற்றிப் பிதுங்கி நின்ற மக்களை எடுத்த படம் அந்தப் பயணத்தின் உச்சம். ஏறத்தாழ பத்து மாதம் அங்கே கழித்து, இந்தோனேசியா வழியாக 1950இல் மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். இம்முறை தெற்கு.

திருவண்ணாமலையில் இரமண மகரிஷி நோயுற்றுக் கிடந்த நாட்கள் அவை. பிரெஸோன் தம்பதியர் அங்கே தங்கினார்கள். மகரிஷியின் இறுதி நாட்களைப் பதிவு செய்தார். ஏப்ரல் 14 இரவு, தாம் தங்கியிருந்த வீட்டின் வெளியே நின்றவர், வானில் ஒரு எரிநட்சத்திரம் மெல்ல நகர்ந்து அருணாசல மலைக்குப் பின்னே மறையக் கண்டார். கடிகாரத்தைப் பார்த்தார்: 8 மணி 47 நிமிடம். ஆசிரமத்துக்கு விரைந்தபோது மகரிஷி அந்த நேரத்திலேயே அடங்கினார் என்று அறிந்தார். நம்புவோரும் நம்பாதோரும் நம் வட்டத்தில் இருக்கிறோம். அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. கண்டதைக் கண்டபடி நேரத்தோடு குறித்துக்கொள்ளும் பழக்கம் உடைய ஒருவர் அதைச் சொன்னார் என்பதோடு நிற்கிறேன்.

அங்கிருந்து புதுச்சேரி. அரவிந்தர் ஏறத்தாழ முப்பதாண்டுகளாகத் தம்மைப் படமெடுக்க இடம் தந்ததில்லை. அன்னையின் இசைவுடன் பிரெஸோனுக்கு அனுமதி கிடைத்தது. ஏப்ரல் 24 தரிசன நாளில் எடுத்தார்; பிறகு அரவிந்தரின் அறையிலும் எடுத்தார். அங்கிருந்த பத்து நிமிடமும் அரவிந்தர் இமைகூடக் கொட்டவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். அவ்வாண்டு டிசம்பர் 5இல் அரவிந்தர் மறைந்தார். இன்று வீடுகளில் மாட்டப்பட்டிருக்கும் முதிய அரவிந்தரின் உருவம் பெரும்பாலும் அந்த நாட்களில் பதிவானதே. நம் ஊர் நாட்காட்டிகளில் அதைப் பார்த்தவர்கள் எடுத்தவர் யாரென்று அறிந்திருக்க மாட்டார்கள்.

காந்தி, இரமணர், அரவிந்தர் மூவரையும் அவர்கள் வாழ்வின் கடைசிக் கட்டத்தில் ஒரே அயல்நாட்டார் கண்டார் என்பதை ஒரு விந்தையாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இம்மூன்றையும்விட மதுரையில் 1950இல் அவர் எடுத்த படமொன்றே உறுத்தலாக இருக்கிறது. எலும்பும் தோலுமான ஒரு குழந்தை, அதை ஏந்திய தாய். பெயரில்லை. மதுரை என்று ஊர்ப்பெயர் மட்டும் உண்டு. அவர் எங்கே நின்று எடுத்தார் என்று லென்சின் கணக்கைக் கொண்டு சொல்லிவிடலாம்: கைக்கெட்டும் தூரத்துக்குச் சற்றுத் தள்ளி. அவ்வளவு அருகில் நின்ற ஒருவர் அடுத்து என்ன செய்தார்? படத்துக்கு வெளியே நடந்ததைப் படம் சொல்லாது. ஒளிந்து நின்று எடுக்கவில்லை என்பது அவருக்கு ஒரு பெருமை. ஆனால் அருகில் நின்றதாலேயே கடன் தீர்ந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. 8 அடி என்பது கையை நீட்டி ஒன்றைக் கொடுக்கவும் ஓரடி வைத்தால் போதும் என்ற தூரம்.

இங்கே நம் ஊரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போவது பொய்யாகும். தாயில்பட்டியைச் சுற்றிலும் பட்டாசு அறைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், ஓர் அறையில் எத்தனை பேர் அமரலாம் என்பதற்கெல்லாம் வெடிபொருள் விதிகள் உண்டு. தூரம் என்பது நமக்குச் சட்டத்தின் சொல். அந்தத் தூரம் மீறப்படுவதும், உராய்வில் ஒரு பொறி பறப்பதும், பிறகு நடப்பதும் நம் பேச்சில் விளக்கத் தேவையில்லாதவை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். உள்ளே வேலை செய்தவர்கள் மட்டுமல்லாமல், புகையைக் கண்டு ஓடிவந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். 2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள். ஒவ்வொரு முறையும் மறுநாள் படங்கள் வருகின்றன. தொலைவிலிருந்து எடுத்த புகைத்தூண். மருத்துவமனை வாசலில் நெட்டை லென்சால் இழுத்து எடுத்த அழுகை. அழுபவர் தம்மை எடுப்பவரைக் கண்டிருக்க மாட்டார்.

நம் வட்டத்துக் கவிதைகளும் அந்த வாரங்களில் வருகின்றன. இந்தப் பத்தாண்டுகளில் நாம் படித்துப் பாராட்டிய விபத்துக் கவிதைகளை, என்னுடையவற்றையும் சேர்த்துத்தான், மீண்டும் எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலானவை 135இல் எழுதப்பட்டவை. கருகிய மத்தாப்பு, அணைந்த பூச்சட்டி, தீபாவளி இல்லாத வீடு என்று உவமைகள் நன்றாகவே பெரிதாகியிருக்கின்றன. ஒரு கவிதையிலும் இறந்தவர் என்ன வேலை செய்தார், திரி சுற்றினாரா, மருந்து கலந்தாரா, வாரச் சம்பளம் என்ன என்பது இல்லை. அதைத் தெரிந்துகொள்ள அந்த வீட்டு வாசலில் போய் நின்றிருக்க வேண்டும். நின்றால் வெளியே போ என்று சொல்லியிருப்பார்கள். அல்லது உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்திருப்பார்கள். இரண்டுக்கும் பயந்துதான் நாம் தொலைவில் நின்றோம் என்று எனக்குத் தோன்றுகிறது. இதை ஏற்காத நண்பர்கள் அடுத்த கூட்டத்தில் தாராளமாகச் சண்டைக்கு வரலாம்.

பிரெஸோனின் எஞ்சிய வாழ்வு புகழின் கதை. 1952இல் அவருடைய பெருநூல் மத்தீஸ் வரைந்த மேலட்டையுடன் வெளிவந்தது. ஆங்கிலப் பதிப்பின் தலைப்பு முடிவான கணம் என்ற பொருள்பட அமைந்தது. பிரெஞ்சுத் தலைப்போ கிட்டத்தட்ட, யாரும் அறியாமல் எடுத்த படங்கள் என்று பொருள்படும். ஆங்கிலத் தலைப்பு ஒட்டிக்கொண்டுவிட்டது. அன்றிலிருந்து எல்லோரும் அவருடைய கணத்தைப் பற்றியே பேசுகிறார்கள். கணம் யாருக்கும் வாய்க்கலாம், குருட்டு அதிர்ஷ்டத்திலும் வாய்க்கலாம். எவ்வளவு தள்ளி நிற்பது என்பதைத் தினமும் காலையில் எழுந்து தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. 1954இல் லைக்காவின் புதிய எம்3 காமிரா, 50, 90, 135 மூன்றுக்கும் பார்வைத் துளைக்குள்ளேயே கோடுகள் காட்டி, லென்சைத் திருகாமல் நொடியில் மாற்றும் வசதியோடு வந்தது. அவரும் அதை வாங்கினார். மாற்றும் வசதி வந்தபின்னும் அவர் 50ஐ மாற்றவில்லை.

1966இல் மீண்டும் இந்தியா வந்தார். திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் அவர் எடுத்த படத்தை நம்மவர் பலர் எடுத்தவர் பெயர் தெரியாமலே பார்த்திருப்பார்கள். ராக்கெட்டின் கூம்பு முனையை மிதிவண்டியின் பின்னிருக்கையில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் படம். இந்திய விண்வெளி ஆய்வின் எளிய தொடக்கத்துக்கு அடையாளமாக இன்றும் அச்சாகிறது. ராக்கெட் வெடியை மூட்டையாகக் கட்டி மிதிவண்டியில் ஏற்றிப் பார்த்த நமக்கு அதில் வியப்பு குறைவு, அன்பு அதிகம். அவருடைய இந்தியப் படங்கள் 1987இல் நூலாக வந்தபோது சத்யஜித் ராய் முன்னுரை எழுதினார்.

ரத்னா மோகினியுடனான மணவாழ்வு 1967இல் முறிந்தது. 1970இல் மார்ட்டின் பிராங்க் என்ற புகைப்படக் கலைஞரை மணந்தார். 1970களின் தொடக்கத்தில் காமிராவைப் பெரும்பாலும் கீழே வைத்துவிட்டு, இளமையில் விட்ட ஓவியத்துக்கே திரும்பினார். பென்சிலும் தாளும். படம் எடுப்பதைப் பற்றி யாரேனும் கேட்டால் சலித்துக்கொள்வார். தம்மைப் பிறர் படமெடுப்பதையும் அவர் விரும்பியதில்லை. பிறரை 8 அடியில் நின்று ஆயிரமாயிரம் முறை எடுத்தவர் தமக்கு மட்டும் அந்த விலக்கைக் கேட்டது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கும் அதற்கு விடை தெரியாது. 2004 ஆகஸ்ட் 3 அன்று தென் பிரான்சில் மோன்ழுஸ்தேன் என்ற சிற்றூரில், 96ஆம் பிறந்த நாளுக்குச் சில நாட்கள் இருக்கையில் காலமானார்.

இதையெல்லாம் ஒருநாள் மாலை நிக்கான் வைத்திருந்த நண்பரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 50ஐப் பொருத்திக்கொண்டு வீட்டுக்குப் போனார். அடுத்த கூட்டத்துக்கு ஒரு சுருள் பிலிம், 36 படங்கள் கொண்டுவந்தார். பாதிக்குமேல் குவியம் தவறியவை. பதினொரு படங்களில் எதிரில் இருப்பவர் நேராக அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒன்றில் பட்டாசு அறையிலிருந்து திரும்பும் அக்கா ஒருவர், வெள்ளி பூத்த கையை முகத்துக்கு முன்னே நீட்டி வேண்டாம் என்கிறார். அந்தப் படத்தை இம்மலரில் அச்சிடலாமா என்று கேட்டோம். அந்த அக்காவிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்றவர், கூடாது என்ற பதிலோடு வந்தார். 135 விலைபோய்விட்டது. 35 இன்னும் அவரிடம்தான் இருக்கிறது, வேண்டுவோர் கேட்கலாம்.